எல்லையோர ஊரில் திருவிழா ஆண்டு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வேலை மாற்றலாகி வருகிறவர்களுக்கும் கல்யாணமாகி வருகிறவர்களுக்கும் முதல் வருடம் கொஞ்சம் தலை சுற்றும். ஒரு தெருவில் கொடியேறி, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த தெருவில் நோன்பு என்று மீன்காரரைத் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமையே நெற்றியில் சாம்பலோடு வருவார், எதிர்வீட்டுக்காரர் புதன்கிழமை வருவார். இரண்டு பேருமே கத்தோலிக்கர்கள்தான்.

இங்கே பத்து மைலுக்குள் மூன்று வகைக் கத்தோலிக்கக் கோயில்களும், அவற்றோடு சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைகளும் இருக்கின்றன. எல்லோருக்கும் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் பொது. மற்ற நாட்களை ஒவ்வொருவரும் அவரவர் முறைப்படிக் கொண்டாடுகிறார்கள். அதனால் "என்றைக்குத் திருவிழா?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தக் கோயில்?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் வேலை: கோயிலை அடையாளம் காண்பது

வாசலில் உள்ள போர்டைப் படியுங்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்) என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இலத்தீன் முறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அது 1930-இல் உருவான கோட்டாறு மறைமாவட்டமாகவோ (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதிதான் மறைமாவட்டம்), 2014 கடைசியில் அதிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டமாகவோ இருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லை தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போனால் அங்கே 1996 முதல் தனி மறைமாவட்டம்.

மாவட்டத்துக்குள் சீரோ மலபார் என்று எழுதியிருந்தால் அது தக்கலை மறைமாவட்டம். மலங்கரை என்று எழுதியிருந்தால் மார்த்தாண்டம் மறைமாவட்டம். இரண்டும் 1996-இல் வந்தவை. இவை இரண்டும் சுரியானி மரபு, அதாவது சிரியாக் மொழி வழிபாட்டிலிருந்து வந்த கீழை மரபு. வழிபாட்டு ஆண்டே வேறு மாதிரி ஓடும். இலத்தீன் கோயில்களில் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தோடு புது ஆண்டு பிறக்கும். சீரோ மலபாரிலும் ஏறக்குறைய அதே சமயம் மங்களவார்த்தைக் காலம் தொடங்கும். மலங்கரைக்காரர்களுக்கோ அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் தொடக்கத்தில் வரும் கூதோஷ் ஈத்தோ ஞாயிறுதான் ஆண்டின் தலைநாள்.

சி.எஸ்.ஐ. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை. அதற்கு வேர் 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் போதகர் இந்தப் பக்கம் வந்து மயிலாடியில் தொடங்கிய ஊழியம். அங்கே புனிதர்களுக்குக் கொடியோ தேரோ கிடையாது. லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), புனித வெள்ளி மும்மணி ஆராதனை, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் இவைதான் பெரிது. அறுப்பின் பண்டிகைக்கு அவசியம் போய்ப் பாருங்கள். வாழைக்குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி என்று விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஏலம். ஒரு சாதாரணப் பூசணிக்காய் ஏலத்தில் எத்தனை கை மாறி எவ்வளவுக்குப் போகிறது என்று பார்த்தால், சபையார் அதை எத்தனை ஆசையாகச் செய்கிறார்கள் என்று தெரியும்.

பாதிரியாரைக் கூப்பிடும் விதமும் இடத்துக்கு இடம் மாறும். இலத்தீன் கோயிலில் ஃபாதர், பெரியவர்கள் வாயில் சாமி. சுரியானிக் கோயில்களிலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் அச்சன். சி.எஸ்.ஐ.யில் ஐயர் அல்லது போதகர். எது என்று தெரியாவிட்டால் ஃபாதர் என்றே சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து: ஈஸ்டரைக் குறித்துவிடுங்கள்

ஆண்டின் பாதி நாட்கள் ஈஸ்டரைப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆக மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2027-இல் மார்ச் 28, சீக்கிரமாகவே வருகிறது.

அதிலிருந்து பின்னால் எண்ணுங்கள். இலத்தீன் கோயிலில் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. சுரியானி மரபில் பெரிய நோன்பு அதற்கு இரண்டு நாள் முன்பே, பிப்ரவரி 8 திங்கட்கிழமை தொடங்கும். சாம்பல் பூசுவதில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு நாள் வித்தியாசம் வருவது இதனால்தான். குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, பெரிய வியாழன் 25, பெரிய வெள்ளி 26. முன்னால் எண்ணினால் ஐம்பதாம் நாள், மே 16, தூய ஆவியார் பெருவிழா.

ஒவ்வொரு மறைமாவட்டமும் தனித்தனியே நாள்காட்டி அச்சிடுகிறது. டிசம்பரில் கோயில் அலுவலகத்தில் கேட்டு ஒன்று வாங்கி, சமையலறைச் சுவரில் மாட்டிவிடுங்கள். இலத்தீன் கோயிலுக்குள் போனால் குருவானவரின் மேலாடை நிறத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். ஊதா என்றால் தவக்காலம் அல்லது திருவருகைக் காலம். வெள்ளை என்றால் பெருவிழா, சிவப்பு என்றால் மறைசாட்சிகள் அல்லது தூய ஆவியார், பச்சை என்றால் சாதாரண ஞாயிறு.

நோன்புக் காலத்தில் அயல்வீட்டாரோடு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அறியாமல் சங்கடப்படுவது இங்கேதான்.

சுரியானி வீடுகளில் நோன்பு கண்டிப்பு அதிகம். பெரிய நோன்பில் இறைச்சி, மீன், முட்டை, சில வீடுகளில் பால்கூட விலக்கு. அதோடு முடிவதில்லை. ஈஸ்டருக்கு எழுபது நாள் முன்னதாக மூன்று நோன்பு, ஆகஸ்ட் 1 முதல் மாதாவின் விண்ணேற்பு நாளான 15 வரை பதினைந்து நோன்பு, செப்டம்பர் 1 முதல் 8 வரை எட்டு நோன்பு, டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோன்பு. எல்லோரும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை, ஆனால் பாட்டிமார் இருக்கும் வீட்டில் பிடிப்பார்கள். அந்த நாட்களில் பிறந்தநாள் என்று பிரியாணி கொடுத்தனுப்பாதீர்கள். பாயசம் அனுப்புவதானாலும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இலத்தீன் வீடுகளில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை, சாயங்காலம் சிலுவைப்பாதை. 14 தலங்கள், முழங்காலிட்டு எழுந்து நடப்பது. தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று அந்தச் சமயத்தில் நாள் குறித்துவிட்டுக் கிறிஸ்தவ நண்பர்களைக் கூப்பிட்டால், அவர்கள் வருவார்கள், ஆனால் பாதிப் பேர் ரசமும் மோரும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை கேரளச் சுரியானி வீடுகளில் கொழுக்கட்டை அவிப்பார்கள். பெரிய வியாழன் இரவு பெசஹா (பாஸ்கா) அப்பமும் பாலும். இந்த அப்பத்துக்கு மாவைப் புளிக்க விடுவதில்லை. குருத்தோலையைச் சிலுவையாக மேலே வைத்து வேகவைப்பார்கள். வீட்டுத் தலைவர் ஜெபம் சொல்லி அறுத்து, மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். குடும்பத்துக்குள் நடக்கும் காரியம் இது, அழைத்தால் மட்டும் போங்கள். அழைத்தால் மறுக்காதீர்கள்.

அதே இரவு இலத்தீன் கோயிலில் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். அன்றைய திருப்பலியில் (பூசையில்) "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாட்டைப் பாடி முடிந்ததும் மணிகள் மௌனமாகிவிடும். சனி இரவு வரை மரக்கட்டையைத் தட்டித்தான் அழைப்பு. பெரிய வெள்ளி அன்று திருப்பலி கிடையாது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டித் திருப்பாடுகளின் வழிபாடு, சிலுவை முத்தி செய்தல். பிறகு பல ஊர்களில் கஞ்சியும் பயறும். சுரியானிக் கோயிலில் வழிபாடு மணிக்கணக்காக நீளும், முடிவில் கைப்புநீர் கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டில் பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள். கொண்டாட்டமாக எதையும் செய்ய வேண்டாம். வாழ்த்தும் சொல்லாதீர்கள்; அது துக்க நாள்.

சனி இரவு இலத்தீன் கோயிலில் விளக்குகளை அணைத்து, வெளியே புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். திரியில் அந்த வருடத்தின் நான்கு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே சுடரிலிருந்து கோயில் முழுவதும் கைத்திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றும். ஆண்டு முழுவதும் ஒரே ஒரு வழிபாட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பாருங்கள் என்பேன்.

தவக்காலத்தோடு சேர்ந்த பயணம் ஒன்றும் இருக்கிறது. வெள்ளறடைக்கு அருகே, இரண்டு மாநிலமும் தொடும் இடத்தில் தெற்கன் குரிசுமலை. 1957-இல் தொடங்கிய புனிதப் பயணம். தவக்காலத்தின் பிற்பகுதியில் சில நாட்களும், பெரிய வியாழன், வெள்ளியிலும் கூட்டம் ஏறும். பத்துகாணி வழியாகத் தமிழ்நாட்டுக்காரர்கள் போகலாம். விடியும் முன்பே ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீரும் தொப்பியும் அவசியம், வயதானவர்களை வழியிலுள்ள தலங்களில் உட்கார்த்தி உட்கார்த்திக் கூட்டிப்போங்கள்.

நாள் மாறாத திருநாட்கள்

இவற்றில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் பாதுகாவலர் யார் என்று தெரிந்துகொண்டு அவர் நாளை மட்டும் குறியுங்கள். சூசையப்பர் மார்ச் 19, பதுவை அந்தோனியார் ஜூன் 13, திருமுழுக்கு யோவான் ஜூன் 24, பேதுரு பவுல் ஜூன் 29, தோமையார் ஜூலை 3 (சுரியானி மரபில் துக்ரானா என்று மிகப் பெரிதாக வரும்), மிக்கேல் அதிதூதர் செப்டம்பர் 29, செபஸ்தியார் ஜனவரி 20. மாதாவுக்கு ஆகஸ்ட் 15-உம் செப்டம்பர் 8-உம். ஜூலை 28 அல்போன்சாம்மா. 1946-இல் அதே நாளில் பரணங்கானத்தில் இறந்தவர், 2008-இல் புனிதரானார். மே மாதம் முழுக்க மாதாவுக்கு வணக்க மாதம், அக்டோபரில் ஜெபமாலை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள், மாத முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் பூவும் மெழுகுதிரியும் விற்பார்கள், நெரிசலைப் பார்த்து வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இரண்டு நாட்கள் இருக்கின்றன. ஒன்று ஜனவரி 14, புனித தேவசகாயம் பிள்ளை. 1712-இல் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர், மார்த்தாண்டவர்மா அரசில் அதிகாரி. டச்சுத் தளபதி டிலெனாய் மூலம் விசுவாசத்தை அறிந்து 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சிறை, சித்திரவதை எல்லாம் கடந்து 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் அவர்தான் முதல் புனிதர். நட்டாலம், புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை, கோட்டாறு பேராலயத்தில் அவருடைய கல்லறை, காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை என்று மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நாளில் பார்த்துவிடலாம். பொங்கலை ஒட்டி வருவதால் பஸ் நெருக்கடி இருக்கும், அதற்கு அடுத்த வாரம் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

இன்னொன்று டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார். 1552-இல் அதே நாளில் சீனக் கடற்கரைத் தீவொன்றில் இறந்தவர். இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் அவரே கடிதம் எழுதியிருக்கிறார். நவம்பர் கடைசியில் கொடியேறும், டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கடைசி மூன்று நாள் தேர். கூட்டத்தில் பல மதத்துக்காரர்களும் நிற்பார்கள், உப்பும் நல்லமிளகும் காகிதப் பொட்டலத்தில் வாங்கித் தேரில் போடுவார்கள். பொட்டலத்தை அப்படியே வீசாமல், பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு தேர் நிற்கும்போது போடுங்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் ஐந்தாம், ஆறாம் நாள் சாயங்காலம் போவது நல்லது. கடைகளும் விளக்குகளும் அதேதான், நெரிசல் பாதிதான்.

ஊர்த் திருவிழாவுக்குப் போவது எப்படி

ஒன்றைக் கவனியுங்கள்: புனிதரின் நாளும் ஊர்த் திருவிழாவும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. ஜூனில் மழை பிடித்துவிடும், பள்ளிக்கூடமும் திறந்துவிடும் என்பதால் பல பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள்தான் பங்கு) திருவிழாவை ஏப்ரல், மே விடுமுறைக்கோ தை மாதத்துக்கோ மாற்றி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை கொடியேறி, பத்தாம் நாளான ஞாயிறன்று முடியும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதல் நாள் கொடியேற்ற நேரம், ஒன்பதாம் நாள் இரவுத் தேர்ப்பவனி, பத்தாம் நாள் பெருவிழாத் திருப்பலி. நடுவில் ஒவ்வொரு நாளுக்கும் "சிறப்பிப்போர்" என்று ஒரு அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) பெயர் இருக்கும். உங்கள் தெரு எந்த அன்பியமோ அன்றைக்குப் போங்கள். தெருவாசிகள் எல்லோரும் அன்று அங்கே இருப்பார்கள், பத்து நாளில் அறிமுகம் செய்துகொள்ள அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கலைநிகழ்ச்சி நள்ளிரவு தாண்டும், மறுநாள் வேலை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழா வரி கேட்டு வருவார்கள். அது பங்கு மக்களுக்கானது. நீங்கள் பங்கைச் சேராதவர் என்றால் கட்டாயமில்லை, விரும்பியதை நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் செருப்பு வேண்டாம். பெண்கள் தலையில் முக்காடு போடுவார்கள். சுரியானிக் கோயிலில் இது இன்னும் கண்டிப்பாகவே இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் எழும்போது எழுங்கள், முழங்காலிட முடியாவிட்டால் அமைதியாக உட்கார்ந்திருங்கள். நற்கருணை (திருப்பலியில் கொடுக்கும் அப்பம்) வாங்க வரிசை போகும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் தெரியாமல் போய் நின்றால் குருவானவருக்கும் உங்களுக்கும் சங்கடம். மெழுகுதிரி ஏற்றுவதற்கும் கொடிமரத்தைத் தொட்டுக் கும்பிடுவதற்கும் எந்தத் தடையும் இல்லை. தேர் உங்கள் வாசலைத் தாண்டும் என்றால் முற்றத்தைத் தெளித்து ஒரு விளக்கோ மெழுகுதிரியோ வைத்தால் போதும். வெற்றுக்கையோடு போய் நின்றாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

டிசம்பரில் கடற்கரைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், குடில் கட்டுவார்கள், இரவில் பாட்டுக்குழு வரும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கல் போகும் தூத்தூர்ப் பக்கத்து ஆண்கள் கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது கரை சேர்ந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வரும்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு முன்னும் பின்னும் இரண்டு கனத்த நாட்கள் இருக்கின்றன. நவம்பர் 30, மீனவரான அந்திரேயா திருத்தூதரின் திருநாள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தது அதே நாளில்தான். கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, பல குடும்பங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. டிசம்பர் 26 புனித ஸ்தேவானின் நாள். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களுக்குள் சுனாமி புகுந்தது. இந்த இரண்டு நாட்களிலும் அங்கே திருப்பலியும் நினைவஞ்சலியும் நடக்கும். அன்றைக்குச் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், ஒன்றும் பேச வேண்டாம்.

எல்லை தாண்டிப் போக இரண்டு இடங்கள்

நவம்பரில் திருவனந்தபுரம் வெட்டுகாட்டில் கிறிஸ்து அரசர் திருவிழா. இந்த விழாவைப் பதினோராம் பயஸ் 1925-இல் ஏற்படுத்தினார்; இப்போது வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறன்று வருகிறது. 2026-இல் நவம்பர் 22. களியக்காவிளையிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

குட்டநாட்டின் எடத்துவா புனித ஜார்ஜ் கோயில் கொஞ்சம் தொலைவு. ஏப்ரல் 27 கொடியேற்றம், மே 7 பெருநாள். நம் கடற்கரை ஊர்களிலிருந்து குடும்பத்தோடு போய் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் ஏராளம். அங்கே தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும், மொழிப் பயம் வேண்டாம். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ரயில் ஏறி, திருவல்லாவில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பள்ளி விடுமுறை சமயம் என்பதால் ரயில் டிக்கெட்டை முன்பதிவு திறக்கும்போதே எடுத்துவிடுங்கள், மே 6 இரவு தங்க இடம் தேடாமல் அதற்கு முந்தின வாரமே போய்த் திரும்பிவிடுங்கள்.